74 ஏக்கர் ஏரியும் 78 சதுர கிலோமீட்டர் இரைக்களமும்: வேடந்தாங்கல் – நிகழ்வு ஆய்வு

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். கரையில் நிதானமாக நடந்தால் அரைமணி நேரத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். ஆனால் 1998-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஏரி மட்டுமன்று. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரம் கொண்ட வட்டம். அந்த வட்டத்தின் பரப்பு 78.5 சதுர கிலோமீட்டர். ஏரி அதில் 260-ல் ஒரு பங்குதான். பார்க்க வருபவர்கள் பார்ப்பதும், நாளிதழ்கள் படம் எடுப்பதும், பெரும்பாலும் பணம் செலவாவதும் இந்த ஒரு பங்கில்தான். மிச்சம் 259 பங்கும் நஞ்சை, புஞ்சை, சிற்றேரி, குட்டை, ஊர், சாலை.

பறவைகள் ஏரிக்கு வருவது கூடு கட்ட. இரை தேடுவது வெளியே. கூட்டில் குஞ்சு வளருமா சாகுமா என்பதை அந்த 259 பங்கே தீர்மானிக்கிறது. இந்த ஆய்வு இரண்டையும் பார்க்கிறது: ஏரிக்குள் நீரையும் மரத்தையும் எப்படிக் கையாள்வது, ஏரிக்கு வெளியே எது கைநழுவிக்கொண்டிருக்கிறது.

ஊர் போட்ட ஒப்பந்தம்

வேடந்தாங்கல் செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. இங்கே பறவைகளைக் காத்தது முதலில் சட்டமன்று, ஊர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டார்கள். 1798-ல் ஆட்சியர் லயோனல் பிளேஸ் கவுல் எனப்படும் எழுத்துரிமை ஒன்றைக் கொடுத்தார். 1858-ல் அது புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சரணாலய அங்கீகாரம், 1998-ல் ஐந்து கிலோமீட்டர் வட்டம், 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியல் என்று பின்னால் வந்தவையெல்லாம் அந்தக் கவுலின் மேல் கட்டியவை.

ஊராருக்குப் பறவைமேல் இத்தனை பரிவு எதனால்? எருவால். நாரையும் கொக்கும் வட்டம் முழுக்க மேய்ந்து தின்ற மீனும் நத்தையும் தவளையும் எச்சமாக ஏரி நீரில் விழுகின்றன. நெல்லுக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் இருக்கின்றன. சுற்று வட்டாரத்துச் சத்தைக் கூலியில்லாமல் வாரி வந்து ஒரே ஏரியில் கொட்டும் எருவண்டிகள் என்று இந்தப் பறவைகளைச் சொல்லலாம். ஜனவரிக்கு மேல் மடை திறந்தால் வாய்க்காலில் வருவது கரும்பச்சையான நீர். அதைப் பாய்ச்சும் வயலில் யூரியாவைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது ஆயக்கட்டுக்காரர்களின், அதாவது ஏரிப் பாசனத்தில் உழுபவர்களின், பட்டறிவு. இரு நூற்றாண்டு தாண்டி இந்தப் பாதுகாப்பு நிற்பதற்கு இந்த ஆதாயம்தான் அடித்தளம். எந்தத் திட்டமும் ஆயக்கட்டுக்காரரை எதிராளியாக்கினால், அது கவுலைக் கிழிப்பதற்குச் சமம்.

வருபவர்களில் இரண்டு கூட்டம்

'சைபீரியாவிலிருந்து வந்து வேடந்தாங்கலில் குஞ்சு பொரிக்கின்றன' என்று ஆண்டுதோறும் எங்காவது அச்சாகிறது. தவறு. வடக்கிலிருந்து வலசை வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை இங்கே குளிர்காலத்தைக் கழிக்க மட்டுமே வருகின்றன. அவை கூடு கட்டுவது வடக்கில். இங்கே கூடு கட்டுபவை நத்தை குத்தி நாரை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், கூழைக்கடா, பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், வக்கா, சாம்பல் நாரை, வெண்கொக்குகள். இவை நம் துணைக்கண்டத்துக்குள்ளேயே மழையைத் தொடர்ந்து இடம் மாறுபவை.

இது வெறும் பெயர்த் திருத்தம் அன்று. இரண்டு கூட்டத்துக்கும் வேண்டிய நீர் வேறு. கூடு கட்டுபவைக்கு மரத்தைச் சுற்றி ஆழமான நீர் வேண்டும். நீர்பரப்பில் மேயும் வாத்துக்கு முழங்கால் அளவுக்கும் குறைவான நீர். உள்ளான், நெடுங்கால் உள்ளானுக்கு ஒரு சாண், அதற்கும் கீழே. சேறு தெரிய வேண்டும். ஒரே ஏரியில் இரண்டையும் முழுமையாகக் கொடுப்பது கடினம். பக்கத்தில் உள்ள கரிக்கிலி ஏரிகளை இதனோடு சேர்த்தே நிர்வகிக்க வேண்டியிருப்பது இதனால்தான். வேடந்தாங்கல் கூட்டுக்கு, கரிக்கிலி பெரும்பாலும் வாத்துக்கும் உள்ளானுக்கும். ஒன்றில் நீர் மிகுந்த ஆண்டில் மற்றொன்று கைகொடுக்கும்.

நீரின் நாட்காட்டி

இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. ஏரிக்கு ஆற்று வாய்க்கால் கிடையாது; மழையும் மேல்நிலை ஏரிகளின் உபரியும்தான் வரத்து. மரங்களின் அடி நனைந்து நீர் ஏறத் தொடங்கியதும் நத்தை குத்தியும் கொக்கும் நீர்க்காகமும் இறங்குகின்றன. சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் பிந்தி வரும். 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் எந்த நிர்வாகமும் கூட்டை உண்டாக்க முடியாது. ஆனால் நடுத்தரமான மழையாண்டில், கூடு கட்டிய பிறகு பாதியில் நீர் வற்றிக் குஞ்சுகள் போவது தடுக்கக்கூடிய இழப்பு.

எவ்வளவு நாள் நீர் நிற்க வேண்டும்? அடைகாப்பையும் குஞ்சு வளர்ப்பையும் கூட்டிப் பார்த்தால் தெரியும். நத்தை குத்தி நாரைக்கு ஏறக்குறைய 25 நாள் அடை, 35 நாளுக்கு மேல் குஞ்சு வளர்ப்பு. கரண்டிவாயனுக்கு 25 நாளும், ஏழு வாரமும். சங்குவளை நாரைக்கு 30 நாளும் 60 நாளும். கூழைக்கடா 30 நாளுக்கு மேல் அடைகாத்து, பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் குஞ்சைக் கூட்டிலும் கூட்டருகிலும் வைத்திருக்கும். கூடு கட்டும் நாட்களையும், எல்லா இணையும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை என்பதையும் சேர்த்தால், ஜனவரி நடுவில் இறங்கிய சங்குவளை நாரைக்கு ஏப்ரல் இறுதி வரையும் கூழைக்கடாவுக்கு மே வரையும் மரத்தடியில் நீர் வேண்டும்.

மரத்தடி நீர் ஒரு வேலி. ஒரு மீட்டர் ஆழம் இருக்கும்வரை நாயும் காட்டுப்பூனையும் மரநாயும் ஆளும் மரத்தை எளிதில் அண்ட முடியாது. நீர் முழங்காலுக்கு இறங்கினால் முதலில் வருவது நாய். கீழே விழுந்த குஞ்சைத் தூக்கப் பழகிய நாய் அடுத்த நாள் கூட்டமாக வரும்.

இனி ஆவியாதல். டிசம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதி வரை 120 நாள். நாளுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் என்றாலும் அரை மீட்டர் நீர் வெயிலுக்கே போய்விடும். ஏரி நிறைந்த பரப்பில் அது ஒன்றரை லட்சம் கன மீட்டர். பொதுப்பணிக் கணக்கில் 5 மில்லியன் கன அடிக்கு மேல். மடையைத் திறக்காமல் வைத்திருந்தாலும் இந்த இழப்பு உண்டு. ஆகவே டிசம்பர் 31 அன்று கூட்டு மரங்களின் அடியில் 1.5 மீட்டர் இருந்தால் ஏப்ரலில் ஒரு மீட்டர் மிஞ்சும், அதுவும் ஒரு சொட்டும் பாசனத்துக்கு விடாமல் இருந்தால்.

இங்கேதான் முடிச்சு. செங்கல்பட்டுப் பக்கம் நவரைப் பட்டம் டிசம்பர்–ஜனவரியில் நட்டு, மார்ச்–ஏப்ரலில் அறுப்பது. அதாவது பறவைக்கு நீர் தேவைப்படும் அதே நாட்களில் பயிருக்கும் தேவை, அதுவும் எருவேறிய நீர். 'மடையே திறக்காதே' என்றால் ஊர் எதற்குப் பறவையைக் காக்க வேண்டும்? 'இஷ்டப்படி திற' என்றால் மார்ச்சில் குஞ்சு தரையில். இதற்கு இடைவழி, மதகின் அளவுகோலில் பறவை மட்டம் ஒன்றை அழியாத வண்ணத்தில் குறிப்பது. கூட்டு மரத்தடிகளில் மிகத் தாழ்ந்தது எது, மிக உயர்ந்தது எது என்று ஜூன் மாதம் ஏரி காய்ந்திருக்கும்போது மட்டக்கருவியால் அளந்து, அந்த அளவைத் தூம்பின் அடிமட்டத்தோடு ஒப்பிட்டுக் குறிக்க வேண்டும். ஊகத்தில் போட்ட கோடு முதல் வறட்சியிலேயே சண்டையில் முடியும். பறவை மட்டத்துக்கு மேலே உள்ள நீர் ஆயக்கட்டுக்கு. கீழே உள்ளது மே வரை கூட்டுக்கு. ஆயக்கட்டில் 105 நாள் நெல் ரகமும், வயலை மாறி மாறிக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையும் கைக்கொண்டால் மேல்நீர் பெரும்பாலும் போதும். குறைகிற வாரங்களில் கிணறு. அந்தக் கிணறுகள் ஊறுவதும் ஏரி நிற்பதால்தான் என்பதை ஊராருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மரம் ஏன் சாகிறது

வேடந்தாங்கலின் அடையாள மரம் நீர்க்கடம்பு, தாவரவியலில் பாரிங்டோனியா. மாதக்கணக்கில் நீரில் நின்றாலும் அழுகாது. அடுத்தது நாட்டுக் கருவேலம். நீர்க்கடம்பு மெதுவாக வளர்ந்து நெடுநாள் நிற்கும். கருவேலம் ஐந்தாறு ஆண்டில் கூட்டைத் தாங்கும், முள்ளில் சுள்ளி நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

கூட்டு மரத்தைக் கொல்வது கூட்டுக்காரர்களே. எச்சம் இலையை வெள்ளையடித்ததுபோல் மூடி ஒளியைத் தடுக்கிறது. நீர் வற்றிய பிறகு அடிமண்ணில் தேங்கி வேரைச் சுடுகிறது. சுள்ளிக்காக நுனிக்கிளைகளை ஒடிப்பது வேறு. சங்குவளை நாரைக் கூடுகள் ஒரே மரத்தில் நெருக்கமாக அமையும். எடை தாங்காத கிளை காற்றில் முறிந்தால் கூடும் சேர்ந்து விழும். இது நோயன்று, மரத்தின் பணிக்காலம் அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த தலைமுறையை முன்கூட்டியே நட வேண்டும். மரம் செத்த பிறகு நட்டால் ஆறு ஆண்டு வெற்றிடம் விழும். செத்த மரங்களை மொத்தமாக வெட்டுவதும் பிழை: பாம்புத்தாராவும் நீர்க்காகமும் சிறகு உலர்த்த அவற்றைத்தான் தேடும். சாயும் நிலையில் உள்ளதை மட்டும் எடுத்தால் போதும்.

நடுவதற்கு ஏரிக்குள் மண்திட்டு வேண்டும். ஒரு திட்டின் கணக்கு இது: மேல்விட்டம் 10 மீட்டர், உயரம் 2 மீட்டர், சரிவு 1-க்கு 2. அடிவிட்டம் 18 மீட்டர் ஆகும்; மண் 316 கன மீட்டர். அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 380, அதாவது 134 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இரண்டு யூனிட் டிப்பரில் 67 நடை. களிமண் கலந்த ஏரி வண்டலே நல்லது. செம்மண்ணும் சவுடும் முதல் மழையில் கரையும். 30 சென்டிமீட்டர் அடுக்கடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டிவிட்டு மேலே மட்டம் தட்டிய திட்டுகள் இரண்டாம் ஆண்டே நடுவில் குழிந்து நீர் தேங்கி, கன்று அழுகும். இதுதான் திட்டு வேலையில் அடிக்கடி நடக்கும் தோல்வி. அடுத்தது வடகிழக்குக் காற்றின் அலை: அந்தப் பக்கச் சரிவை வெட்டிவேரும் கோரையும் வைத்துப் பிடிக்காவிட்டால் திட்டு ஒருபக்கமாகத் தேயும்.

திட்டு ஒரு பருவமழை கடந்து அமுங்கட்டும். அடுத்த ஜூலையில் 60 சென்டிமீட்டர் ஆழ, அகலக் குழியில், ஆளுயரக் கன்றாக, 3 மீட்டர் இடைவெளியில் நட்டால் திட்டுக்கு எட்டு அல்லது ஒன்பது கன்று. நடுவில் கருவேலம், விளிம்பில் நீர்க்கடம்பு. ஏன் ஜூலை? மழையோடு அக்டோபரில் நடுவது வயலுக்குச் சரி. ஏரிக்குள் அக்டோபரில் நட்டால் வேர் பிடிக்குமுன் நீர் மூடிவிடும். முழுகிய சிறு கன்று பிழைக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் வாரம் இருமுறை குடத்தில் ஊற்ற வேண்டியிருக்கும். அந்தக் கூலியை மதிப்பீட்டில் சேர்க்காத திட்டங்களில் கன்றுகள் காய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். ஏரி வற்றியதும் ஆடு ஏறும். இரண்டு கோடைக்கு முள்வேலி அவசியம்.

சீமைக் கருவேலத்தைப் பற்றி ஒரு சொல். அதை ஒழிப்பது சரி. ஆனால் மாற்று மரம் இல்லாத ஏரிகளில் பறவைகள் அதிலும் கூடு கட்டுகின்றன. ஒரே கோடையில் மொத்தத்தையும் பிடுங்கினால் அடுத்த பருவத்தில் உட்கார இடமில்லை. நாட்டுக் கருவேலம் கூட்டைத் தாங்கும் அளவு வளர வளர, கால்வாசி கால்வாசியாக எடுக்க வேண்டும். வெட்டினால் அடியிலிருந்து நாலு மடங்காகத் தழைக்கும். வேரோடு பெயர்த்தால்தான் போகும்.

தூர் வாரும்போது

மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரைதான் காலம். தூர் வாரும் இயந்திரத்துக்கு ஏரி என்றால் கிண்ணம். ஒரே சீராகத் தோண்டுவது அதற்கு எளிது. அப்படித் தோண்டிய ஏரியில் கரையோரத்தின் ஆழமற்ற சரிவு போய்விடும். கொள்ளளவு கூடியிருக்கும், உள்ளானும் வாத்தும் வராது. ஓரத்தில் பரப்பின் மூன்றில் ஒரு பங்கையாவது மெல்லிய சரிவாகத் தொடாமல் விட்டு, நடுவில் மட்டும் ஆழப்படுத்த வேண்டும். இருக்கும் கூட்டு மரத்தைச் சுற்றி 5 மீட்டருக்குள் வாளி போகக்கூடாது. வேர் அறுந்த மரம் அடுத்த புயலில் சாயும். எடுத்த வண்டலைத் திட்டுக்கும், மிச்சத்தை ஆயக்கட்டு வயலுக்கும் கொடுக்கலாம்.

அதே மாதங்களில் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பழைய கூடுகளையும் கிளைகளையும் பார்ப்பது. சுள்ளியோடு தங்கூசி எனும் மீன்பிடி நைலான் நூலையும் வலைத்துண்டையும் பறவை கொண்டுவருகிறது. குஞ்சின் காலில் சுற்றிய தங்கூசி, கால் தடிக்கத் தடிக்க இறுகும். பறக்கும் வயதில் குஞ்சு கூட்டிலேயே கட்டுண்டு சாகும். ஏணியும் கத்தரியும் வைத்துக்கொண்டு ஜூன் மாதம் எடுத்துவிட்டால் அடுத்த பருவத்துக்கு அது மிஞ்சாது.

எச்சம் மிகுந்து நீர் குறையும் மார்ச், ஏப்ரலில் பாசி பெருகி, விடியற்காலையில் நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) இறங்கி மீன் செத்து மிதக்கலாம். மீன் செத்ததைப் பார்த்ததும் நஞ்சு என்று முடிவு கட்டுமுன் காலை ஆறு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் உயிர்வளியை அளந்து பார்க்க வேண்டும். காலையில் மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் காரணம் பாசி. செத்த மீனை உடனே அள்ளிப் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்து அழுகுவது அடுத்த நோய்க்கு வித்து. பறவை செத்தாலோ கதை வேறு. கையுறை இல்லாமல் தொடக்கூடாது. கால்நடை மருத்துவர் வந்து கூறாய்வு செய்யும்வரை பனிக்கட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். கர்நாடகத்தின் கொக்கரெபெல்லூரில் கூழைக்கடாக்கள் அடுத்தடுத்துச் செத்தபோது காரணமாகத் தெரியவந்தது குடலில் பெருகிய உருண்டைப் புழு. கூறாய்வு இல்லாவிட்டால் அது தெரிந்திருக்காது.

வட்டத்துக்குள் என்ன நடக்கிறது

நத்தை குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வயல் நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையை உருவ ஏற்ற அமைப்பு. நத்தை எங்கே? நீர் நிற்கும் நெல்வயலில், வாய்க்காலில், சிற்றேரி ஓரத்தில். நெல் போய்ச் சவுக்கு வந்தால் அந்த வயல் நாரைக்குக் காணாமல் போன வயல். மனைப்பிரிவு வந்தால் திரும்ப வராத வயல். குருணை மருந்தை நாற்றங்காலில் போட்டு அந்த நீரை வாய்க்காலில் விட்டால் நத்தையும் தவளையும் சின்ன மீனும் ஒருங்கே போகும். ஏரியில் மரமும் நீரும் பழுதில்லாமல் இருந்தும், கூட்டில் மூன்று குஞ்சு பொரிந்து ஒன்று மட்டும் பறப்பதற்குக் காரணத்தை இங்கேதான் தேட வேண்டும்.

சட்டம் இந்த இடத்தில் வினோதமாக நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ஈரநிலத்தை வரையறுக்கும்போதே நெல்வயலையும், பாசனத்துக்கென்று கட்டிய நீர்நிலைகளையும் வெளியே வைத்துவிடுகின்றன. ராம்சர் அங்கீகாரம் வந்தது ஏரிக்கு. அப்படியானால் பறவையின் சாப்பாட்டுத் தட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே காப்பு, 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்தின்கீழ் 1998-ல் வரைந்த அந்த ஐந்து கிலோமீட்டர் வட்டம். 2020-ல் அதை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்து, பலத்த எதிர்ப்பைச் சந்தித்து, நடைமுறைக்கு வராமல் நின்றது. ஐந்து மூன்றாக ஆவது கேட்பதற்குச் சிறிய மாற்றம். பரப்பில் 78.5 சதுர கிலோமீட்டர் 28.3 ஆகிறது, 64 விழுக்காடு போய்விடுகிறது. ஆரத்தைச் சொல்லிப் பரப்பை மறைக்கும் இந்தக் கணக்கு எங்கே வந்தாலும் முதலில் வட்டத்தின் பரப்பைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வட்டத்துக்குள் உழவுக்குத் தடையில்லை, இருக்கவும் கூடாது. நெல் நின்றால்தான் நாரை நிற்கும். சிற்றேரிகளின் நிர்வாகம்தான் சிக்கல். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு, மீன் குத்தகை தனி, பறவை வனத்துறைக்கு. ஒரு நாரை காலையில் மூன்று துறையின் நிலத்தில் மேய்ந்துவிட்டு நான்காவது துறையின் மரத்துக்குத் திரும்புகிறது. மின்கம்பியைச் சேர்த்தால் ஐந்து: கூழைக்கடாவின் சிறகு விரிப்பு இரண்டு மீட்டருக்கு மேல், இரண்டு கம்பியையும் ஒருசேரத் தொட அது போதும். ஏரிக்கு இறங்கும் பாதையில் உள்ள கம்பிகளுக்கு உறை போடுவதோ தொங்கு அடையாளம் கட்டுவதோ சின்னச் செலவு.

எதை எண்ணுவது

'இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் பறவைகள்' என்ற தலைப்புச் செய்தியால் நிர்வாகத்துக்குப் பெரிய பயன் இல்லை. மாலையில் அடைய வரும் கூட்டத்தில் கூடு கட்டாதவையும் இருக்கும். திரும்பத் திரும்பப் பறந்து இறங்குபவை இருமுறை கணக்காகும். எண்ண வேண்டியது கூடு. மரங்களுக்கு எண் கொடுத்து, கரையில் நிலையான நான்கைந்து இடங்களிலிருந்து, வாரம் ஒருநாள், காலை 6.30-லிருந்து 8.30-க்குள், இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கூட்டுக்கும் அடையா, குஞ்சா, எத்தனை குஞ்சு, வெறும் கூடா என்று குறிப்பு.

இதில் சங்குவளை நாரை நல்ல அளவுகோல். முட்டைகளை நாள் விட்டு நாள் இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஏணிப்படிபோல் சிறிதும் பெரிதுமாக இருக்கும். இரை குறைந்தால் கடைக்குட்டி முதலில் போகும். ஆகவே ஆறு வாரக் குஞ்சுள்ள கூடுகளில் சராசரி இரண்டுக்கு மேல் இருந்தால் வட்டத்தில் இரை உண்டு; ஒன்றை நெருங்கினால், ஏரி எவ்வளவு அழகாக நிறைந்திருந்தாலும், வெளியே ஏதோ கெட்டிருக்கிறது. ஏரிக்குள் நின்றுகொண்டே 78 சதுர கிலோமீட்டரின் நாடி பிடிக்கும் வழி இது.

பார்வையாளர் தொல்லையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கரையைத் தாண்டாமலும் சத்தம் போடாமலும் டிரோன் விடாமலும் இருந்தால் பறவைகள் பழகிக்கொள்கின்றன. கெடுதல் ஒன்றுதான்: பறவையை எழுப்பிவிடுவது. நண்பகல் வெயிலில் தாய்ப்பறவை சிறகு விரித்து நிழல் தருவதால்தான் சின்னக் குஞ்சு பிழைக்கிறது. எழும்பிப் போனால் வெயிலும் காகமும் காத்திருக்கின்றன.

இரை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். பிப்ரவரியில் மூன்று விடியல்கள், இருவர், ஒரு திசைகாட்டி. கரையில் நின்று முதல் ஒரு மணி நேரம் எந்த இனம் எந்தத் திசையில் எத்தனை போகிறது என்று எழுத வேண்டும். அதிகம் போகும் திசைகளில் அடுத்த நாள் இருசக்கர வண்டியில் போய், இறங்கும் ஏரியையும் வயலையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பத்து கிலோமீட்டரைத் தாண்டிப் போகும் கூட்டங்களும் இருக்கும். அவற்றின் ஏரிகள் வட்டத்துக்கு வெளியே என்பதால் பட்டியலில் விடக்கூடாது.

அந்தப் பட்டியல் கையில் வந்தால் அடுத்த வேலை மீன் குத்தகைப் பத்திரத்தில். குத்தகைக்காரர் கட்லாவும் ரோகுவும் விட்டு, அவை பெருத்ததும் ஜனவரி, பிப்ரவரியில் நீரை இறைத்து வழித்து எடுப்பது வழக்கம். பறவை இறங்காமலிருக்க வெடியும் வெடிப்பதுண்டு. பெருத்த கட்லா நாரையின் வாய்க்கு அடங்காது. அதற்கு வேண்டியது விரல் நீளக் கெண்டையும் கெளுத்தியும் குரவையும். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் புகுந்த ஏரியில் இந்தச் சின்ன மீன் குறையும். ஆகவே ஏலத்துக்கு முன்பே பத்திரத்தில் ஐந்து வரி சேர்க்க வேண்டும்: ஏப்ரல் 30 வரை ஏரியை முழுதும் இறைக்கக்கூடாது, குறைந்தது 30 சென்டிமீட்டர் நீர் விட வேண்டும், வலைக்கண் சிறு மீனை விடும் அளவில் இருக்க வேண்டும், அயல் கெளுத்தி விடக்கூடாது, வெடி கூடாது. இதனால் குறையும் வரவுக்கு ஏலத் தொகையில் கழிவு தர வேண்டும். ஏலம் முடிந்த பிறகு இதைக் கேட்டால் யாரும் ஒப்பமாட்டார்கள். அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே இந்த வரிகள் அதில் ஏறியிருக்க வேண்டும்.